0.3 + 0.4 = 0.07: பென்னி என்ற மாணவனின் கணக்கு

கணிதக் கல்வி ஆய்வில் ஒரே ஒரு கட்டுரை படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், 1973-இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் எழுதியதைத்தான் நான் எடுத்துக் கொடுப்பேன். அதில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் இல்லை, புள்ளிவிவர அட்டவணைகள் இல்லை. ஒரே ஒரு பையன்தான் இருக்கிறான். கட்டுரையில் அவன் பெயர் பென்னி, வயது 12, ஆறாம் வகுப்பு. எர்ல்வாங்கர் அவனோடு உட்கார்ந்து பின்னத்தையும் தசமத்தையும் பற்றிப் பேசினார், அவன் சொன்னதை அப்படியே எழுதி வைத்தார், அவ்வளவுதான். ஆனால் அதைப் படித்து முடித்தபின், ஒரு விடைத்தாளை மட்டும் பார்த்துவிட்டு 'இந்தப் பிள்ளைக்கு இந்தப் பாடம் வந்துவிட்டது' என்று சொல்ல வாய் வராது.

இந்த ஒரு நிகழ்வை முழுசாக, கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். பென்னியின் பெயர் தெரிந்த பலருக்கும் அவன் சொன்ன தப்பு விடைகள்தான் நினைவில் நிற்கின்றன. எனக்கு அவன் சொன்ன சரியான விடைகள்தான் அதிகம் உறுத்துகின்றன.

பின்னணி

அந்த வகுப்பில் ஆசிரியர் முன்னால் நின்று எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்தவில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாகப் பாடத்தை வகுத்துக் கொடுக்கும் ஐ.பி.ஐ. என்ற திட்டம் அங்கே நடந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கற்றல் ஆய்வு மையத்தில் 1960-களில் உருவான திட்டம் அது. கணக்கு முழுவதையும் சின்னச் சின்னத் திறன்களாக உடைத்து, எளியதிலிருந்து கடினமானது வரைக்கும் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். மாணவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று பார்க்க ஒரு முன்தேர்வு. அதைப் பார்த்துவிட்டு, இன்னின்ன தாள்களைப் போடு என்று ஆசிரியர் எழுதிக் கொடுப்பார். அவன் தன் இடத்தில் உட்கார்ந்து தன் வேகத்தில் தனியாகப் போட்டுக்கொண்டே போவான். போட்டதை விடைக்குறிப்போடு ஒப்பிட்டுச் சரி, தப்பு குறிப்பார்கள். கடைசியில் ஒரு பின்தேர்வு, அதில் 80 விழுக்காடு எடுத்துவிட்டால் அடுத்த படி.

திட்டத்தின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஒரே வகுப்பில் வேகமாகப் புரிந்துகொள்ளும் பிள்ளை சும்மா காத்துக்கொண்டிருப்பதும், நேரம் தேவைப்படும் பிள்ளை பின்தங்கிப் போவதும் எங்கும் உள்ள சிக்கல், அதைத் தீர்க்கத்தான் இப்படி ஒரு ஏற்பாடு செய்தார்கள். கற்றல் என்றால் வெளியே பார்க்கக்கூடிய செயல், அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம், ஒவ்வொரு துண்டும் வந்துவிட்டதா என்று அளந்துவிடலாம் என்பது அந்தக் காலத்து நடத்தையியல் உளவியலின் நம்பிக்கை. அதே நம்பிக்கைதான் இந்தத் திட்டத்துக்கும் அடித்தளம்.

பென்னி இரண்டாம் வகுப்பிலிருந்தே இதில் படித்தவன். நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 110-க்கும் 115-க்கும் இடையில். சராசரியைவிட வேகமாகவே படியேறிக்கொண்டிருந்தான், கணக்கில் கெட்டிக்காரர்களில் ஒருவன் என்றுதான் ஆசிரியரும் அவனைப் பற்றிச் சொன்னார். பதிவேட்டில் பார்த்தால் எந்தக் குறையும் இல்லாத மாணவன். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த எர்ல்வாங்கர், இப்படி ஒரு பையனிடம்தான் பேச உட்கார்ந்தார்.

என்ன கேட்டார், என்ன சொன்னான்

2/10 என்பதைத் தசமமாக எழுது என்றார். பென்னி 1.2 என்று எழுதினான். 5/10? 1.5 என்றான்.

இந்த இடத்தில் பெரும்பாலான பெரியவர்கள் 'இல்லை கண்ணா, பார்...' என்று தொடங்கியிருப்பார்கள். எர்ல்வாங்கர் தொடங்கவில்லை. எப்படி வந்தது என்று கேட்டார், இன்னொரு பின்னத்தைக் கொடுத்தார், அதற்கும் எப்படி என்று கேட்டார். மெல்ல மெல்ல ஒரு விதி வெளியே வந்தது: மேலே உள்ள எண்ணையும் கீழே உள்ள எண்ணையும் கூட்டு, அப்புறம் புள்ளியை அதற்குரிய இடத்தில் வை. 429/100 என்றால் 5.29. 3/1000 என்றால் 1.003. 27/15 என்றால் 4.2. 400/400 என்றால் 8.00. 4/11 கேட்டபோது 1.5 என்றான். சரி, அதையே தலைகீழாக்கி 11/4 என்று கேட்டால்? அதுவும் 1.5 தான், அதே எண்களைத்தானே கூட்டுகிறோம்.

பையன் தடுமாறவில்லை, ஊகிக்கவும் இல்லை. ஒரே விதியை எல்லா இடத்திலும் ஒழுங்காகப் பயன்படுத்துகிறான், காரணமும் சொல்கிறான். அடுத்து அவனுக்கு எந்தப் பின்னத்தைக் கொடுத்தாலும் என்ன விடை சொல்வான் என்று ஏறக்குறைய நாமே சொல்லிவிடலாம், அந்த அளவுக்கு நிலையான விதி அது.

இந்த விதியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். 2/10 உண்மையில் 0.2, அவன் சொன்னது 1.2. 5/10 உண்மையில் 0.5, சொன்னது 1.5. 429/100 உண்மையில் 4.29, சொன்னது 5.29. 3/1000 உண்மையில் 0.003, சொன்னது 1.003. பகுதி 10, 100, 1000 என்று இருக்கும்போதெல்லாம் அவன் விடை சரியான விடையைவிட மிகச் சரியாக 1 அதிகம். தற்செயல் இல்லை இது. தொகுதியோடு பகுதியைக் கூட்டிவிட்டு, பகுதியில் எத்தனை பூஜ்யமோ அத்தனை இடம் தள்ளிப் புள்ளி வைத்தால், பகுதியைப் பகுதியால் வகுத்த அந்த 1 கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். புள்ளிக்குப் பின்னால் உள்ள இலக்கங்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன! பத்துக்கு ஓரிடம், நூறுக்கு ஈரிடம், ஆயிரத்துக்கு மூன்றிடம் என்பதை அவன் எங்கேயோ கவனித்திருக்கிறான், அந்த உண்மை அவன் விதிக்குள் இன்னும் இருக்கிறது. அதன்மேல் 'மேலேயும் கீழேயும் கூட்டு' என்ற ஒன்று வந்து ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு பிள்ளையின் தப்பான விதியை முழுப் பிதற்றல் என்று ஒதுக்கித் தள்ளுவதற்கு முன்னால் அதற்குள் எது உண்மை என்று தேட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

எர்ல்வாங்கர் அடுத்து செய்தது நேர்காணல் கலையில் அருமையான வேலை. கேள்வியைத் திருப்பிப் போட்டார். 0.5 என்பதைப் பின்னமாக எழுத முடியுமா? பென்னிக்குச் சிரமமே இல்லை. 3/2 என்று எழுதலாம், 2/3 என்று எழுதலாம், கூட்டினால் 5 வரும் எதையும் எழுதலாம். ஒரே தசமத்துக்கு வேறு வேறு அளவுள்ள பின்னங்கள் வருகிறதே என்ற நெருடல் அவனிடம் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? 1/2, 2/4, 3/6 எல்லாம் ஒன்றுதான் என்று அவன் படித்த பாடமே சொல்கிறது. ஒரு எண்ணுக்குப் பல முகம் உண்டு என்பது அவனுக்குப் பழக்கமான செய்தி, எந்த முகங்களெல்லாம் அதற்குச் சொந்தம் என்பதைத்தான் அவன் தன் விதியை வைத்து முடிவு செய்கிறான்.

அப்புறம் தசமக் கூட்டல். 0.3-ஐயும் 0.4-ஐயும் கூட்டினால் 0.07 என்றான். இரண்டு எண்களுக்கும் முன்னால் ஆளுக்கொரு புள்ளி இருக்கிறது, ஆக மொத்தம் இரண்டு, அதனால் விடையில் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இருக்க வேண்டும் என்பது அவன் காரணம். அவனே ஒரு படி மேலே போய், 0.44-ஐயும் 0.44-ஐயும் கூட்டுவதாக இருந்தால் நான்கு இலக்கம் வேண்டும் என்றும் சொல்கிறான். அதாவது 0.0088. யாரும் கேட்காமலே விதியைப் புதிய இடத்துக்கு விரித்துக் காட்டுகிறான், கணிதம் படிக்கிறவனிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

இப்போது பெருக்கலுக்கு வாருங்கள். 0.7-ஐ 0.5-ஆல் பெருக்கினால்? 0.35. சரியான விடை. எப்படி வந்தது? இரண்டு பக்கமும் ஒவ்வோர் இலக்கம், ஆக விடையில் இரண்டு இலக்கம். பெருக்கலில் அது செல்லுபடியாகும் விதிதான், பாடநூலிலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் பென்னியின் தலைக்குள் 0.35 வந்ததும் 0.07 வந்ததும் ஒரே யோசனையிலிருந்து. ஒன்றுக்கு விடைக்குறிப்பு 'சரி' போடுகிறது, இன்னொன்றுக்குத் 'தப்பு' போடுகிறது. 0.35-க்கு 'சரி' போட்ட ஒவ்வொரு முறையும், புள்ளிகளை எண்ணினால் போதும் என்ற அவன் நம்பிக்கைக்கு உரம் போட்டிருக்கிறார்கள். தப்பான விடை வந்தால் யாராவது திரும்பிப் பார்க்கவாவது வாய்ப்பு உண்டு. சரியான விடைக்குப் பின்னால் உள்ள யோசனையை யாரும் பார்ப்பதே இல்லை, பென்னியை நான்கைந்து வருடம் அந்தத் திட்டம் பார்க்காமல் போனதற்கும் பெரும்பகுதி காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கணிதம் என்றால் என்ன என்று பென்னி நினைத்தான்

இதுவரை சொன்னது பின்னமும் தசமமும். கட்டுரையின் கனமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

பின்னத்தில் மட்டும் 100 வகையான விதிகள் இருப்பதாகப் பென்னி சொல்கிறான். இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று எர்ல்வாங்கர் கேட்கிறார். ரொம்பப் புத்திசாலியான யாரோ ஒருவர் உண்டாக்கியிருக்க வேண்டும், அதற்கு அவருக்கு 50 வருடம்போல ஆகியிருக்கும், ஏனென்றால் எல்லாக் கணக்குகளையும் போட்டுப் பார்த்துத்தானே விதியைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்கிறான். விதி என்பது எண்களின் இயல்பிலிருந்து வருவது, தானே யோசித்தாலும் அதை எட்டிவிடலாம் என்ற எண்ணம் அவனிடம் துளியும் இல்லை. யாரோ எப்போதோ முடிவு செய்து வைத்துவிட்டார்கள், அது விடைக்குறிப்பில் இருக்கிறது, நம் வேலை அது என்ன என்று கண்டுபிடிப்பது.

விடைக்குறிப்பைப் பற்றி அவனுக்கு ஆழமான மனக்குறை இருந்தது. சரிபார்ப்பவர்கள் குறிப்பில் உள்ளதை மட்டுமே பார்க்கிறார்கள், விடை உண்மையா இல்லையா என்று பார்ப்பதில்லை என்கிறான். குறிப்பில் ஒரு வடிவம் இருந்து, அவன் அதே மதிப்பை வேறு வடிவத்தில் எழுதினால் தப்பு. குறிப்பில் உள்ளபடியே எழுதிவிட்டால், அது உண்மையில் தப்பாகவே இருந்தாலும் சரி. சொல்லப்போனால் அவன் குறையில் பாதி நியாயமானது. 1/2 என்று குறிப்பில் இருக்கும்போது 2/4 என்று எழுதிய பிள்ளைக்குத் 'தப்பு' போட்டால், அந்தப் பிள்ளை அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்? இரண்டும் சமம் என்று அதற்குத் தெரியும், ஆனாலும் தப்பு. ஆகவே சரி, தப்பு என்பதற்கும் உண்மைக்கும் சம்பந்தமில்லை என்றுதான் கற்றுக்கொள்ளும். பென்னி கற்றுக்கொண்டது அதைத்தான். தான் எழுதிய விடையும் குறிப்பில் உள்ள விடையும் வேறாக இருந்தால், இரண்டும் ஒன்றின் இரு வடிவங்கள், குறிப்புக்கு ஒரு வடிவம்தான் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டான். 2/4-க்கு அது உண்மை. 0.07-க்கு அது உண்மையில்லை. இரண்டையும் பிரித்துக் காட்ட அவன் பக்கத்தில் யாரும் இல்லை.

இதெல்லாம் ஒரு விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று எர்ல்வாங்கர் கேட்டபோது பென்னி உணர்ச்சிவசப்பட்டு ஆமாம் என்கிறான். அகப்படாத ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடுவது போல என்கிறான். ஆசிரியருக்கு வேண்டிய விடையைத் துரத்துகிறாயா என்று கேட்டால் அதற்கும் ஆமாம் என்கிறான். 12 வயதுப் பையன், வகுப்பில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன், தான் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருப்பதை இப்படித்தான் பார்க்கிறான். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு கனத்துப் போகிறது.

ஏன் இப்படி ஆனது

பென்னிக்கு அறிவு போதவில்லை என்பது பதில் இல்லை. கிடைத்த தகவலை வைத்து அவன் செய்தது சரியான ஆராய்ச்சி வேலை: ஒரு விதியை ஊகிக்கிறான், போட்டுப் பார்க்கிறான், சரி என்று வந்தால் வைத்துக்கொள்கிறான், தப்பு என்று வந்தால் மாற்றுகிறான். அவனுக்குக் கிடைத்த தகவல்தான் போதவில்லை. சரி, தப்பு என்ற இரண்டே சொல். ஏன் தப்பு என்று அந்தச் சொல் சொல்லாது, ஏன் சரி என்றும் சொல்லாது.

அதைவிட முக்கியமாக, அவன் விடைகளை உரசிப் பார்க்க விடைக்குறிப்பைத் தவிர வேறு எதுவும் அவனிடம் இல்லை. 2/10 என்பது பத்துப் பங்கில் இரண்டு, முழு ஒன்றில் பாதிகூட இல்லை. 1.2 என்பது ஒன்றைத் தாண்டிவிட்டது. எண்கோட்டில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் போதும், விதி அந்த நொடியிலேயே ஆட்டம் கண்டிருக்கும். 4/11 ஒன்றைவிடச் சின்னது, 11/4 இரண்டைத் தாண்டியது, இரண்டும் எப்படி ஒரே 1.5 ஆகும்? 0.3-உடன் எதையோ சேர்த்தபின் 0.3-ஐவிடக் குறைந்த 0.07 எப்படி மிஞ்சும்? இந்தக் கேள்விகள் பென்னிக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் தாளில் இருந்தவை அவனுக்கு அளவுகளாகவே இல்லை, நகர்த்தி வைக்க வேண்டிய குறிகளாகத்தான் இருந்தன. அளவு இல்லாத இடத்தில் முரண்பாடும் தெரியாது. குறிகளுக்கு விதி மட்டும் போதும், 100 விதி இருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கணிதக் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்கெம்ப் 1976-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் புரிதலை இரண்டாகப் பிரித்தார்: காரணம் தெரியாமல் விதியைக் கையாளத் தெரிவது ஒன்று, என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று இரண்டையும் அறிந்திருப்பது இன்னொன்று. பென்னியைப் பெரும்பாலும் முதல் வகைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பென்னியிடம் காரணங்கள் இருந்தன, அவனே கட்டிய காரணங்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போகும் காரணங்கள். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளையைவிட அதிகமாக யோசித்தவன் அவன். அந்த யோசனையோடு பேச ஆள் இல்லாமல் போனதுதான் கொடுமை.

ஆசிரியரை இதில் குற்றவாளியாக்குவது எளிது, சரியும் இல்லை. திட்டமே அவரைத் தாள் எடுத்துக் கொடுப்பவராகவும் மதிப்பெண் பார்ப்பவராகவும் மாற்றிவைத்திருந்தது. மாணவன் சிக்கிக்கொண்டால் உதவிக்கு வரலாம், ஆனால் பென்னி சிக்கவே இல்லையே, நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தான். நன்றாகப் போகிறவனிடம் உட்கார்ந்து பேச அந்த ஏற்பாட்டில் நேரமும் இல்லை, காரணமும் இல்லை. தனித்தனியாகக் கற்பது என்றால் தனியாகக் கற்பது என்று ஆகிவிட்டது.

80 விழுக்காடு என்ற அளவுகோலையும் இங்கே யோசிக்க வேண்டும். ஒரு படியின் தேர்வில் எல்லாக் கேள்வியும் ஏறக்குறைய ஒரே வகையாக இருக்கும். அந்த வகைக்கு மட்டும் பொருந்தும் ஒரு விதியைப் பிடித்துவிட்டால் தாண்டிவிடலாம், அடுத்த படிக்கு அடுத்த விதி. கூட்டலையும் பெருக்கலையும், பின்னத்தையும் தசமத்தையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சந்தர்ப்பம் அந்த வரிசையில் எங்கே வரும்? எர்ல்வாங்கரின் கேள்விகள்தான் முதல்முறையாக அதைச் செய்தன.

ஒரு பையனை வைத்து இவ்வளவு சொல்லலாமா

நியாயமான கேள்வி. ஒரே ஒரு நிகழ்விலிருந்து எத்தனை பிள்ளைகள் இப்படி இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நன்றாகப் படிக்கிறான் என்று எல்லா அளவுகோலும் காட்டும் ஒரு பிள்ளைக்கு அடிப்படையே வேறாக இருக்க முடியும் என்பதை மட்டும் இது நிரூபிக்கிறது. அதற்கு ஒருவன் போதும். இப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று நம்பிக் கட்டிய திட்டத்துக்கு ஒரே எதிர்ச்சான்று போதும் என்பது கணிதக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எண்ணிக்கை வேண்டும் என்றால் அது வேறு இடத்திலிருந்து வந்தது. 1978-இல் அமெரிக்காவில் நடந்த தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் 12/13 + 7/8 எவ்வளவு இருக்கும் என்று தோராயமாகக் கேட்டார்கள். விடையைக் கணக்கிட வேண்டாம், 1, 2, 19, 21 என்ற நான்கில் எதற்குக் கிட்டே வரும் என்று சொன்னால் போதும். இரண்டு பின்னமும் கிட்டத்தட்ட ஒன்று, ஆகவே விடை 2-க்குப் பக்கம். அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 24 விழுக்காடு. 19 என்றவர்கள் 28 விழுக்காடு, 21 என்றவர்கள் 27 விழுக்காடு. 12-ஐயும் 7-ஐயும் கூட்டினால் 19, 13-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 21. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 12/13 என்பது ஓர் அளவு இல்லை, மேலே ஒரு எண், கீழே ஒரு எண். இவர்கள் எல்லோரும் ஐ.பி.ஐ. மாணவர்கள் இல்லை, ஆகவே பழியை அந்த ஒரு திட்டத்தின் தலையில் மட்டும் கட்டிவிடவும் முடியாது. அந்தத் திட்டம் சிக்கலை மறைத்து வைப்பதில் கைதேர்ந்ததாக இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அதே ஆண்டு ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கழித்தல் கணக்கில் பிள்ளைகள் செய்யும் பிழைகளைக் கணினி நிரல்போல வகுத்துக் காட்டினார்கள். 52-இலிருந்து 37 போனால் 25 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவாக இருப்பதாக நாம் நினைப்போம். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழி என்ற விதியை அந்தப் பிள்ளை கொஞ்சமும் பிசகாமல் பின்பற்றுகிறது, 7-இலிருந்து 2, 5-இலிருந்து 3. பென்னியிடம் எர்ல்வாங்கர் பேச்சு வழியாகக் கண்டதை இவர்கள் நிறைய விடைத்தாள்களில் கண்டார்கள்: தப்புக்கும் ஓர் ஒழுங்கு உண்டு.

விடையைத் துரத்தும் விளையாட்டு என்று பென்னி சொன்னதற்கும் வேறொரு நாட்டிலிருந்து துணை வந்தது. பிரான்சில் கிரனோபிள் நகர ஆய்வாளர்கள் 1980 வாக்கில் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் கேள்வியில் இருந்த எண்களை ஏதோ செய்து ஒரு வயதைச் சொன்னார்கள். பிள்ளைகள் முட்டாள்கள் என்று இதைக் காட்டிச் சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கேள்வி என்று வந்தால் விடை இருக்கும், விடை என்றால் கொடுத்த எண்களிலிருந்து வரும் என்று வகுப்பறைதான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது, அந்தப் பாடத்தை அவர்கள் நன்றாகவே படித்திருக்கிறார்கள்.

சரிசெய்வது எங்கே தொடங்குகிறது

0.3 + 0.4 = 0.7 என்று பென்னிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் முடிந்ததா? முடியாது. அவனைப் பொறுத்தவரை அது 101-ஆவது விதி. கூட்டலில் இப்படி, பெருக்கலில் அப்படி, ஏன் என்று கேட்காதே. பழைய விதி போகாமல் பக்கத்திலேயே இருக்கும், ஒரு மாதம் கழித்துக் கேட்டால் எது முதலில் வாயில் வருமோ தெரியாது. திருத்தத்தின் சிரமத்தை எர்ல்வாங்கரும் பேசுகிறார். தனித்தனிப் பிழையைத் திருத்துவதற்கு முன்னால், கணிதம் என்றால் என்ன என்று பிள்ளை நினைத்து வைத்திருப்பது மாற வேண்டியிருக்கிறது, அது பல வருடப் பழக்கம்.

என் கணிப்பில் தொடங்க வேண்டிய இடம் அளவு. 'எவ்வளவு வரும்?' என்பதற்கு முன்னால் 'ஒன்றைவிடப் பெரிதா சின்னதா?' என்று கேட்க வேண்டும், அதுவும் கணக்குப் போடுவதற்கு முன்னால். 2/10 ஒன்றைவிடச் சின்னது என்று பென்னி முதலில் தன் வாயால் சொல்லியிருந்தால், 1.2 என்று எழுதிய அடுத்த நொடி அவனுக்கே அது உறுத்தியிருக்கும். அந்த உறுத்தலுக்கு விடைக்குறிப்பு தேவையில்லை. அவன் விதியை நாம் பொய்யாக்கத் தேவையில்லை, அவனே அதைச் சோதிக்கும் கேள்வியைப் பக்கத்தில் வைத்தால் போதும்: 4/11 பெரிதா, 11/4 பெரிதா, தசமத்தில் எழுதினால் எது பெரிதாக இருக்க வேண்டும்?

இரண்டாவது விஷயம் சரியான விடைக்கும் 'எப்படி?' என்று கேட்பது. தப்பு விடைக்கு மட்டும் கேட்டால், எப்படி என்ற சொல்லுக்கே தப்பு என்று பொருள் என்று பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள், உடனே அழிப்பானை எடுப்பார்கள். 0.7-ஐ 0.5-ஆல் பெருக்கி 0.35 என்று சொன்ன பிள்ளையிடம், சரி, இரண்டு இலக்கம் என்று எப்படி முடிவு செய்தாய், கூட்டல் என்றாலும் அப்படித்தானா என்று ஒரு வாய் கேட்டிருந்தால் பென்னியின் முழுக் கதையும் அங்கேயே வெளியே வந்திருக்கும். ஒரு வகுப்பில் எல்லோரிடமும் தினமும் இப்படிப் பேச முடியாது என்பது உண்மைதான். ஒரு பாடத்துக்கு நாலைந்து பேரிடம் பேசினாலே, மற்றவர்களின் தாளில் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும், ஏனென்றால் இந்த விதிகள் பெரும்பாலும் ஒரு பிள்ளைக்கு மட்டும் சொந்தமானவை இல்லை.

மூன்றாவதாக, கேட்கிறவர் உடனே திருத்தக் கூடாது. இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். எர்ல்வாங்கர் 1.2 என்ற முதல் விடையிலேயே திருத்தியிருந்தால் பென்னி தலையாட்டியிருப்பான், நமக்குக் கட்டுரையும் கிடைத்திருக்காது, கூட்டு என்ற விதியும், தலைகீழான பின்னமும், 50 வருடம் உழைத்த அந்தப் புத்திசாலியும் எல்லாமே உள்ளேயே இருந்திருக்கும்.

ஐ.பி.ஐ. இன்று இல்லை. ஆனால் அதன் அமைப்பு திரையில் திரும்பி வந்திருக்கிறது: சின்னத் திறன்கள், தன் வேகம், உடனடி 'சரி' அல்லது 'தப்பு', இத்தனை விழுக்காடு வந்தால் அடுத்த நிலை. காகிதம் போய்க் கணினி வந்ததால் மட்டும் அது நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகிவிடாது. இப்படி ஒரு செயலியைப் பிள்ளைக்குக் கொடுக்கும் ஆசிரியரும் பெற்றோரும் அதில் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஒரே விதத்துக் கேள்விகளை அடுக்குகிறதா, அல்லது கூட்டலையும் பெருக்கலையும் கலந்து கேட்கிறதா? 2/4 என்று எழுதினால் 1/2-க்குச் சமம் என்று ஏற்கிறதா? 0.07 என்ற விடையை வெறும் தப்பு என்று எண்ணிவிட்டுப் போகிறதா, அல்லது 0.44 + 0.44 என்ற அடுத்த கேள்வியைக் கேட்டு அதே விதிதானா என்று பார்க்கிறதா? அப்படி அடுத்த கேள்வியைக் கேட்டுப் பார்க்கும் செயலியாகவே இருந்தாலும், பிள்ளை பச்சை விளக்கு வாங்கிய ஒரு கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, இதை எப்படிப் போட்டாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் வேலை நமக்கு மிச்சம் இருக்கிறது.